இடது பின்னங்கால்

நீளம்: பூஜ்யம் புள்ளி ஏழு மில்லிமீட்டர்.
எழுதிவிட்டு
வைத்த முற்றுப்புள்ளியைப் பார்க்கிறேன்.
அதன் மேல் இவளை நிறுத்தினால்
தலையும் பின்முனையும் கொஞ்சம் வெளியே நீட்டும்,
அவ்வளவுதான்.

அஞ்செட்டிக்கு மேற்கே ஓடை திரும்பும் இடம்.
நீர்மருதுக்கு அடியில் அள்ளிய சருகு
இரண்டு சிமெண்டுச் சாக்கு.
குப்பைக்கு லக்கேஜ் கிழிப்பது இதுதான் முதல் தடவை
என்றார் கண்டக்டர், கிழித்தார்.
காவலுக்கு வந்த முனியல்லப்பா
தேடுவது எவ்வளவு பெரிசு என்று கேட்டார்.
விரல் நுனியைக் காட்டினேன்.
இல்லை, நகத்தை.
இல்லை, நகத்துக்குள் இருந்த அழுக்கை.
அவர் திரும்பிக்கொண்டு
யானை வரும் பக்கத்தையே பார்க்க ஆரம்பித்தார்.

தேன்கனிக்கோட்டையில் வாடகை அறை.
தகரப் புனல், மேலே நாற்பது வாட் குண்டு பல்பு,
கீழே எரிசாராயக் குப்பி.
சூட்டுக்குப் பயந்து ஈரம் தேடி இறங்குவதெல்லாம்
அதில்தான் வந்து விழும்.
மூன்று நாள் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.
இருந்தது ஒன்றரை நாள்.
அதற்குள்
வில்வால் பூச்சிகள், சிவப்பு உண்ணி,
இடுப்பு ஒடிந்த எறும்பு ஒன்று,
அப்புறம், தூசி என்று நான் ஊதப்போன
ஐந்து பேர்.

நிறம் எழுத வேண்டும்.
'போச்சம்பள்ளிச் சந்தையில் குவித்த புளி, போன வருஷத்தது.'
அடித்துவிட்டேன்.
செம்பழுப்பு.
இறக்கை: கோழியிறகு போல நடுவில் ஒரு காம்பு,
இரண்டு பக்கமும் மயிர்.
'இவ்வளவு சிறிய உடம்புக்குக் காற்று தேனாகக் கெட்டி,
பறப்பதில்லை, துழாவிக்கொண்டு போகிறாள்.'
அதையும் அடித்தேன்.
நான் பார்த்ததில்லை.
செத்த பிறகுதான் எங்களுக்கு அறிமுகம்.

நாலைப் பிரித்தேன்.
ஐந்தாவதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.
எல்லாருக்குள்ளும் ஒரே ஒரு முட்டை,
உடம்பில் பாதி,
தன் வயிற்றில் தனக்கே இடமில்லாத மாதிரி.
ஐந்தும் பெண்.
வழக்கப்படி எழுத வேண்டிய வரி:
ஆண்: அறியப்படவில்லை.

அந்த நேரம் பார்த்து
வீட்டுக்காரம்மா சாக்கம்மா கதவில் வந்து நின்று,
"கணக்கெடுக்க வந்திருக்காங்க,
உன் வீட்டுக்காரர் பேரு கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?"

சிரித்ததில் கை ஆடிவிட்டது.
ஊசிமுனை பட்டு
ஐந்தாமவளின் இடது பின்னங்கால் போயிற்று.
மின்விசிறி மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளை வேட்டி விரித்து, டார்ச் அடித்து,
முட்டி போட்டு, ராத்திரி பதினொன்று வரைக்கும்.
கம்மல் திருகாணி என்று நினைத்து
சாக்கம்மாவும் தேடினார்.
நிஜமாகவே ஒரு திருகாணி கிடைத்தது,
யாருடையதோ.

பெயர் வைத்தாகிவிட்டது.
முனியல்லப்பாவுக்குப் போன் செய்தேன்.
புதுசுங்களா?
ஆமாம், உலகத்துக்கே புதுசு.
எப்ப வந்துச்சுங்க?
நான் யோசிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது,
அந்த வளைவில் எப்போதும் போவதுதான்.

நாளைக்குக் கொல்கத்தா பார்சல்.
பஞ்சு, அட்டை, பெட்டிக்குள் பெட்டி.
அருங்காட்சியகத்தில்
என் ஆயுளைவிட நீளமாக ஒரு இழுப்பறை.
குறிப்பில் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்:
'இடது பின்னங்கால் இல்லை.'

இல்லை என்பதும் சரியில்லை.
மறுநாள் காலை சாக்கம்மா பெருக்கித் தள்ளிய வாசல் புழுதியில்,
அங்கிருந்து ஒரு மாட்டின் குளம்பிலோ
தக்காளி ஏற்றிய டெம்போவின் டயரிலோ,
இல்லை தேர் திரும்பும் முனையில்
யாரோ உதறிய செருப்பிலோ
இருக்கிறது.

பரவல்: அஞ்செட்டிக் காடு, ஒரே ஒரு மரத்தடி.
ஆசிரியர் குழு வெட்டிவிடும், தெரியும்.
இருந்தாலும் சேர்த்தேன்:
மேலும் தேன்கனிக்கோட்டை, ஒரு கால் மட்டும்.